ஒரு சாண் இடைவெளி: கிளைடர் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளைடர் மன்றங்களின் நிர்வாகக் குழுவினருக்கும், தலைமைப் பயிற்றுநர்களுக்கும், பராமரிப்புப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் 14 வயது நிரம்பிய பிள்ளை கிளைடரில், அதாவது எஞ்சின் இல்லாத விமானத்தில், தனியே பறக்கலாம். அந்த வயதுப் பிள்ளைகளில் பலர் 50 கிலோவோ 55 கிலோவோதான் இருப்பார்கள். நீங்கள் அவர்களை ஏற்றும் கிளைடரின் காக்பிட்டில் (விமானி அமரும் அறையில்), முன்னிருக்கைக்குக் குறைந்தது 70 கிலோ வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் 15, 20 கிலோவை உங்கள் மன்றம் அன்றாடம் எப்படி நிரப்புகிறது என்று கேட்கவே இம்மடல்.

எழுதுகிற நாங்கள் கிளைடர் பயிற்றுநர்களும் ஆய்வாளர்களும். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பிள்ளையைச் சேர்க்கும்போது சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும். படித்துவிட்டு உங்களிடம் வந்து கேட்க வேண்டும்.

எடை வரம்பு என்றதும் எல்லாருக்கும் மேல் வரம்புதான் நினைவுக்கு வருகிறது. 110 கிலோவுக்கு மேற்பட்டவர் வந்தால் ஓடுபாதையில் இருக்கும் அத்தனை பேரும் யோசிக்கிறார்கள். 58 கிலோ உள்ளவர் வந்தால் "லேசான ஆள், நன்றாக மிதக்கும்" என்கிறார்கள். எங்கள் கருத்தில் இந்த வாக்கியம்தான் மன்றங்களில் புழங்கும் மிக ஆபத்தான வாக்கியம். கிளைடரில் விமானி இறக்கைக்கு முன்னால் உட்காருகிறார். அவருடைய உடல்தான் மூக்கைக் கீழே பிடித்து வைத்திருக்கும் எடை. அது குறைந்தால் ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் சமன்கொள்ளும் புள்ளி, பின்னால் போகிறது. மேல் வரம்பைக் கொஞ்சம் மீறினால் கட்டமைப்பின் தாங்குதிறனில் ஒரு பங்கைத் தின்கிறீர்கள். கீழ் வரம்பை மீறினாலோ விமானியின் கையில் இருக்கும் கட்டுப்பாட்டையே எடுத்துவிடுகிறீர்கள்.

பயிற்சிக்கு உலகெங்கும் பயன்படும் ஏ.எஸ்.கே 21 என்ற இரட்டை இருக்கைக் கிளைடரை எடுத்துக்கொள்ளுங்கள். 17 மீட்டர் இறக்கை, பறக்கும்போது அதிகபட்சம் 600 கிலோ. ஈர்ப்பு மையம் ஆதாரப் புள்ளிக்கு (தூரங்களை அளக்கத் தொடங்கும் இடத்துக்கு) பின்னால் 234 மில்லிமீட்டரிலிருந்து 469 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வித்தியாசம் 235 மில்லிமீட்டர். கையை விரித்துக் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் நடுவே அளந்தால் வருகிற ஒரு சாண். இரண்டு ஆட்களையும் சுமந்துகொண்டு 600 கிலோவும் அந்த ஒரு சாணுக்குள்தான் சமன்கொள்கிறது.

இதன் கணக்குக் கடினமானதன்று. சந்தையில் தேங்காயும் புளியும் நிறுத்த வெள்ளிக்கோலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தண்டின் குட்டைக் கையில் கனத்த சரக்கு, நீண்ட கையில் சின்னக் குண்டு, இரண்டும் சமனாகி நிற்கும். எடையைத் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன். கிளைடரின் வால் அந்த நீண்ட கை. அங்கே வைக்கும் ஒரு கிலோவுக்கு முன்னால் பல கிலோ ஈடு கொடுக்க வேண்டும்.

ஒற்றை இருக்கைக் கிளைடர் ஒன்றுக்கு எண்களைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் கிளைடருக்கு அதன் நிறுவைத்தாளில் (கிளைடரை எடைபோட்டு எழுதிய பதிவில்) உள்ளவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இறக்கை வேரின் முன்விளிம்பு ஆதாரப் புள்ளி; அதற்குப் பின்னால் கூட்டல், முன்னால் கழித்தல். பிரதான சக்கரம் 0.10 மீட்டர் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து வால்சக்கரம் வரை 4.00 மீட்டர். பிரதான சக்கரத்தின் தராசு 216 கிலோவும் வால் தராசு 34 கிலோவும் காட்டுகின்றன. வெற்று எடை 250 கிலோ. 34 × 4.00 = 136. அதை 250 ஆல் வகுத்தால் 0.544, சக்கரத்தின் 0.10 ஐக் கூட்டினால் 0.644 மீட்டர். வெற்றுக் கிளைடரின் ஈர்ப்பு மையம் இது. திருப்புத்திறன் 250 × 0.644 = 161.

அனுமதிக்கப்பட்ட எல்லை 0.240 முதல் 0.400 வரை என்றும், விமானியின் எடை 0.50 மீட்டர் முன்னால் செயல்படுகிறது என்றும் கொள்வோம். பாராசூட்டோடு 85 கிலோ உள்ளவர் ஏறினால் (161 − 42.5) ÷ 335 = 0.354. நன்றாக உள்ளே இருக்கிறார். 70 கிலோ என்றால் 126 ÷ 320 = 0.394, பின் எல்லைக்கு 6 மில்லிமீட்டர்தான் மிச்சம். 55 கிலோ என்றால் 133.5 ÷ 305 = 0.438. எல்லையைத் தாண்டி 38 மில்லிமீட்டர் போய்விட்டது. சரியாக எல்லைக்கோட்டில் நிற்கும் எடை 67.8 கிலோ, ஆகவே காக்பிட்டில் ஒட்டும் பலகையில் 70 என்று எழுதுகிறோம்.

இதே கிளைடரின் வால்சக்கரப் பெட்டியில் 1 கிலோ கூடினால், தேவைப்படும் குறைந்தபட்ச விமானி எடை 4.1 கிலோ கூடும். மூக்கில், பெடல்களுக்கு அருகே, 1.50 மீட்டர் முன்னால் 1 கிலோ ஈயம் வைத்தால் 2.1 கிலோ விமானிக்கு ஈடு. இருக்கைக்கு அடியில் வைத்தால் ஒன்றுக்கு ஒன்று. இந்த மூன்று விகிதங்களையும் உங்கள் ஒவ்வொரு கிளைடருக்கும் கணக்கிட்டுக் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். பாதிச் சண்டைகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

பின்னெல்லையைத் தாண்டினால் என்ன நடக்கிறது? தரையில் ஒன்றும் தெரியாது. அதுதான் கொடுமை. காக்பிட்டில் உட்கார்ந்தவருக்குக் கிளைடர் வழக்கம்போலவே இருக்கும். வின்ச் கம்பி (தரையிலுள்ள எந்திரம் சுற்றி இழுத்துக் கிளைடரை மேலேற்றும் கம்பி) இழுக்கத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று விநாடிகளில்தான் மூக்கு எதிர்பார்த்ததைவிட வேகமாக எழும். மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியான ஸ்டிக்கை முன்னால் தள்ளினாலும் மூக்கு தணியத் தாமதமாகும். வேகம் சேருமுன் செங்குத்தாக ஏறினால் இறக்கை ஸ்டால் ஆகி (தூக்குவிசையை இழந்து), ஒரு பக்கம் சாய்ந்து, தலைகீழாக உருளக்கூடும். அந்த உயரத்தில் மீள இடமில்லை. எஞ்சின் விமானத்தின் பின்னால் கட்டி இழுக்கப்படும்போது வேறு விதமாகத் தெரியும்: ஸ்டிக்கின் விசை ஏறத்தாழ இல்லாமலே போகும், கை கொஞ்சம் அசைந்தால் கிளைடர் அதிகமாக அசையும், திருத்தப் போய் மறுபக்கம் மிகும். அனுபவமில்லாத கை அதைத் துரத்தத் துரத்த அலைவு பெருகும். மேலே கிளைடர் தூக்கிக்கொண்டு போனால் முன்னால் இழுக்கும் விமானத்தின் வாலும் மேலே தூக்கப்படும். அந்த விமானிக்கும் சேர்த்தே ஆபத்து.

சுதந்திரமாகப் பறக்கும்போது டிரிம் நெம்புகோல் (ஸ்டிக்கை அழுத்திப் பிடிக்காமலே வேகத்தை நிலைநிறுத்த உதவுவது) முன் முனைக்கே போய்விடும். வேகம் மாறியபின் ஸ்டிக்கை விட்டால் கிளைடர் பழைய வேகத்துக்குத் திரும்பி வராது. போன திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். ஸ்டாலுக்கு முன் வரும் எச்சரிக்கைகள் மங்கிவிடும். மிக மெதுவான வேகத்துக்கும் ஸ்டிக்கைக் கொஞ்சம் இழுத்தாலே போதும் என்பதால் அறியாமலே அங்கே போய்விடலாம். பிறகு ஸ்பின், அதாவது ஸ்டால் ஆன கிளைடர் சுழன்றபடி கீழே விழுவது. ஈர்ப்பு மையம் பின்னால் இருந்தால் ஸ்பின் தட்டையாகும். எதிர் ரட்டர் (வாலில் திசை திருப்பும் தட்டு) கொடுத்து ஸ்டிக்கை முன்னால் தள்ளினாலும் நிற்க அதிகச் சுற்றுகள் எடுக்கும், சில நேரம் நிற்காது. காக்பிட் பலகையில் இருக்கும் அந்த எண், சோதனை விமானி ஸ்பின்னிலிருந்து மீண்டு வந்து காட்டிய எல்லை. அதற்குப் பின்னால் யாரும் போய் உங்களுக்காகச் சோதித்து வைக்கவில்லை.

(கிளைடர் பறப்பின் முன்னோடியான ஜெர்மானியர் ஓட்டோ லிலியந்தால் தன் கிளைடர்களை உடலைத் தொங்கவிட்டு, கால்களை முன்னும் பின்னும் வீசி, ஈர்ப்பு மையத்தை நகர்த்தித்தான் ஓட்டினார். 1896 ஆகஸ்ட் 9 அன்று ஸ்டோல்னுக்கு அருகே காற்று மூக்கைத் தூக்கி நிறுத்தியபோது உடலை முன்னால் வீசியும் அது போதவில்லை. மறுநாள் இறந்தார். அவருக்கு எலிவேட்டர், அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் தட்டு, இல்லை. நமக்கு இருக்கிறது, ஆனால் அது வேலை செய்யும் இடத்தில் ஈர்ப்பு மையத்தை வைத்துக்கொடுப்பது நம் பொறுப்பு.)

முன்னெல்லையைத் தாண்டினால் வரும் தொல்லைகள் வேறு, பெரும்பாலும் மன்னிக்கக்கூடியவை. தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க எலிவேட்டர் போதாமல் மூக்குச் சக்கரம் மோதும், வால் எப்போதும் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருப்பதால் சறுக்கு திறன் சற்றுக் குறையும். இதை நீட்ட வேண்டியதில்லை.

இனி, சரியாக நிறுத்துப் பலகை ஒட்டிய கிளைடரிலும் அந்த எண் எப்படிப் பொய்யாகிறது என்பதற்கு வருவோம். இங்கேதான் மன்றங்களின் கவனக்குறைவு அதிகம்.

முதலாவது, வால் தள்ளுவண்டி. கொட்டகையிலிருந்து இழுத்து வரும் டெயில் டாலியைக் கழற்ற மறந்துவிட்டுப் புறப்படுவது. நம் எடுத்துக்காட்டில் 6 கிலோ டாலி 4.0 மீட்டர் பின்னால் இருந்தால், 70 கிலோ விமானியோடு ஈர்ப்பு மையம் 150 ÷ 326 = 0.460. எல்லையைத் தாண்டி 60 மில்லிமீட்டர். 48 கிலோ விமானி ஏறியதற்குச் சமம். டாலிக்கு ஆரஞ்சு வண்ணம் அடித்து, இறக்கைப் பக்கத்திலிருந்து பார்த்தாலே தெரியும்படி உயரமான கொடி ஒன்றைப் பொருத்துங்கள். கம்பியை மாட்டுபவர் "டாலி கழன்றது" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே மாட்ட வேண்டும். டாலி கழற்றப்பட்டதும் ஓடுபாதை வண்டியில் அதற்கென்று உள்ள இடத்தில் கிடக்க வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால் யாரும் பறக்கக்கூடாது.

இரண்டாவது, ஸ்பின் பயிற்சி எடை. ஏ.எஸ்.கே 21 வழக்கமான பாரத்தில் ஸ்பின்னுக்குள் போக மறுக்கும். ஆகவே வாலில் எடை பூட்டி ஈர்ப்பு மையத்தைப் பின்னால் கொண்டுபோய் ஸ்பின் கற்பிக்கிறோம். காலையில் 90 கிலோ மாணவருக்காகப் பூட்டிய எடை மதியம் 60 கிலோ மாணவர் ஏறும்போதும் அங்கேயே இருந்தால்? பூட்டும் பயிற்றுநர் பெயரும் கழற்றும் பயிற்றுநர் பெயரும் அன்றைய பதிவேட்டில் வேண்டும். எடை வாலில் இருக்கும்வரை ஸ்டிக்கில் சிவப்புத் துணி தொங்க வேண்டும். டிஜி-1000 இரட்டை இருக்கையில் செங்குத்து வாலுக்குள் எடைப்பெட்டி இருக்கிறது. அதில் எத்தனை எடைகள் உள்ளன என்பதைக் காக்பிட்டில் ஒரு விளக்கு மினுக்கிக் காட்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் மினுக்குவதை எண்ணிப் பார்க்கும் பழக்கம் மாணவருக்கு இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

மூன்றாவது, பழைய உரிமையாளர் விட்டுப்போன ஈயம். போட்டியில் பறப்பவர்கள் ஈர்ப்பு மையத்தை எல்லைக்குள்ளேயே பின்பக்கமாக வைத்துக்கொள்ள விரும்புவார்கள். 95 கிலோ ஆள் அதற்காக வால்சக்கரப் பெட்டியில் 2 கிலோ ஈயத்தைப் பசை வைத்து ஒட்டுவார், அல்லது பித்தளைக் குடம் கொண்ட கனமான வால்சக்கரம் போடுவார். அவருக்கு அது சரி. அந்தக் கிளைடரை மன்றம் வாங்கி 68 கிலோ மாணவரை ஏற்றும்போது, தாளில் 70 என்றிருப்பது உண்மையில் 78 ஆகியிருக்கும். இரண்டாம் கையாக வாங்கிய ஒவ்வொரு கிளைடரையும், தாள் எவ்வளவு புதிதாக இருந்தாலும், முதல் பறப்புக்கு முன் நிறுத்துப் பாருங்கள்.

மின்கலம் மாற்றுவது யாருக்கும் ஒரு மாற்றமாகவே தோன்றுவதில்லை. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய-அமிலக் கலம் ஏறத்தாழ 2.5 கிலோ. அதே இடத்தில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலம் போட்டால் ஏறத்தாழ 1 கிலோ. மூக்கில் இரண்டு கலங்கள் இருந்தால் 3 கிலோ போய்விட்டது. நம் எடுத்துக்காட்டில் குறைந்தபட்ச எடை 6 கிலோவுக்கு மேல் உயர்ந்துவிட்டது. இருக்கைக்குச் சற்றுப் பின்னால் கலம் உள்ள கிளைடரில் மாற்றம் சிறிது. வாலில் கலம் உள்ள கிளைடரில் திசை தலைகீழ்: லேசான கலம் போட்டால் ஈர்ப்பு மையம் முன்னால் வரும், கனமானதை மறுபடி போட்டால் பின்னால் போகும். எந்த மாற்றமானாலும் கழற்றியதையும் போட்டதையும் நிறுத்து, தூரத்தால் பெருக்கி, தாளில் ஏற்றுங்கள்.

வாலில் அடிபட்ட இடத்துக்கு இழை ஒட்டு, அதன்மேல் மக்கு, அதன்மேல் வண்ணம் என்று ஒன்றரைக் கிலோ சேர்வது எளிது. அதற்கு விலை 6 கிலோ விமானி. எலிவேட்டரையும் ரட்டரையும் வண்ணம் பூசினால் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அவற்றின் எடையும் கீல் அச்சைச் சுற்றிய திருப்புத்திறனும் பராமரிப்பு நூலில் உள்ள வரம்புக்குள் இருக்க வேண்டும். மீறினால் வேகத்தில் படபடப்பு வந்து வாலே கழன்று போகலாம். கழற்றிய மேற்பரப்பைத் தனியே நிறுக்காமல் மாட்டவே கூடாது.

தண்ணீர் நிரப்பிப் பறக்கும் கிளைடர்களில் செங்குத்து வாலில் ஒரு சின்னத் தொட்டி இருக்கும். இறக்கைத் தண்ணீர் ஈர்ப்பு மையத்தை முன்னால் இழுப்பதை அது சரிசெய்கிறது. இறக்கைத் தண்ணீரைத் திறந்துவிட்டு வால் தண்ணீர் மட்டும் உறைந்தோ அடைத்தோ நின்றுவிட்டால், டாலியோடு பறப்பதுதான். புறப்படுமுன் தரையிலேயே வால் வால்வைத் திறந்து நீர் ஒழுகுவதைக் கண்ணால் பாருங்கள். உறைநிலைக்குக் கீழே போகும் நாளில் வால் தொட்டியில் தண்ணீர் வேண்டாம்.

பாராசூட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது 6 முதல் 8 கிலோ. பலகையில் உள்ள எடை பாராசூட்டையும் சேர்த்தது. 72 கிலோ என்று பதிவாகியிருப்பவர் உண்மையில் 65 கிலோவும் 7 கிலோ பாராசூட்டும். பாராசூட்டைச் சரிபார்க்க அனுப்பிவிட்டு, "இன்று மெத்தை வைத்துக்கொள்" என்று சொன்னால் அவர் எல்லைக்கு வெளியே. மெத்தை விஷயத்தில் மற்றொரு ஆபத்து: மென்மையான பஞ்சுத் தலையணையை முதுகுக்கு வைத்தால் வின்ச் இழுப்பில் அது அமுங்கி, விமானி பின்னால் சரிந்து, கையில் பிடித்த ஸ்டிக்கும் கூடவே பின்னால் வரும். மிகத் தேவையில்லாத நேரத்தில் மூக்கு எழும். கெட்டியான, அமுங்காத நுரை மட்டுமே வையுங்கள்.

நிறுக்கும் முறை பற்றி, தெரிந்தவர்களும் தவறும் இடங்களை மட்டும் சொல்கிறோம். கொட்டகைக் கதவுகளை மூடுங்கள்; இறக்கையில் சிறு காற்று பட்டாலும் தராசு நம்பும்படியாக நிற்காது. தொட்டிகள் வடிந்து, உள்ளே தூசும் சேறும் துடைத்து, பாராசூட், மெத்தை, கழற்றக்கூடிய எடைகள், வரைபடப் பை எல்லாம் வெளியே. உபகரணப் பட்டியலில் உள்ளவை மட்டும் உள்ளே. தயாரிப்பாளர் சொல்லும் சரிவுள்ள மர ஆப்பை உடற்பகுதியின் மேல்விளிம்பில் வைத்து, அதன்மேல் நீர்மட்டம் வைத்து, குமிழி நடுவே வரும்வரை வாலை உயர்த்துங்கள். ஓரிரு பாகை தவறினாலே ஈர்ப்பு மையம் சில மில்லிமீட்டர் நகர்ந்து காட்டும். வாலுக்கு அடியில் வைத்த முட்டுக்கட்டையின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். இந்த மறதி அடிக்கடி நடப்பது. இறக்கை முனையைப் பிடிப்பவர் தூக்கவும் கூடாது, அழுத்தவும் கூடாது. இரு பக்கமும் இறக்கை வேரின் முன்விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறித்து, இரண்டு குறிகளையும் நூலால் சேர்த்து, அந்த நூலிலிருந்து சக்கர அச்சு வரை அளந்துகொள்ளுங்கள். கிளைடரைத் தராசுகளிலிருந்து முழுதும் இறக்கி மறுபடி ஏற்றி இரண்டாம் முறை நிறுங்கள். வால் தராசு 1 கிலோ தவறாகக் காட்டினால் விமானி வரம்பில் 4 கிலோவுக்கு மேல் தவறு வரும். ஆகவே வாலுக்குக் குளியலறைத் தராசு கூடாது. அரைக் கிலோவுக்குள் சரி என்று சோதிக்கப்பட்டது வேண்டும்.

இறக்கைகளையும் தனித்தனியே நிறுங்கள். மொத்தத்திலிருந்து அவற்றைக் கழித்தால் தூக்குவிசை தராத பகுதிகளின் எடை வரும். அதற்கும் ஒரு வரம்பு உண்டு. இறக்கைகள் உடற்பகுதியையும் ஆட்களையும் வேர்ப்பகுதியில் தாங்குவதால் வளைவு விசை அங்கேதான் சேர்கிறது. இரண்டு கனத்த ஆட்கள் ஏறினால் மொத்த எடை வரம்புக்கு முன்பே இந்த வரம்பு வந்துவிடலாம். மற்றபடி மேல் வரம்புகளை எல்லாரும் மதிக்கிறார்கள். எடையோடு வேகம் மாறும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்: 320 கிலோவில் 65 கி.மீ. வேகத்தில் ஸ்டால் ஆகும் கிளைடர் தண்ணீரோடு 500 கிலோவில் 81 கி.மீ. வேகத்திலேயே ஸ்டால் ஆகும்.

அதே வகைக் கிளைடர் இரண்டு இருந்தால் இரண்டின் வரம்பும் ஒன்றாக இருக்காது. கையேட்டில் 70 என்றிருக்கும். உங்கள் கிளைடரின் பலகையில் 76 என்றிருக்கலாம். பலகைதான் பேசும். பலகைக்கும் கடைசி நிறுவைத்தாளுக்கும் முரண் இருந்தால் தீரும்வரை கிளைடரை நிறுத்திவையுங்கள். பிரித்தானியாவின் பழைய கிளைடர்களில் பலகை பவுண்டில் இருக்கும், வீட்டுத் தராசு ஸ்டோனில் காட்டும், மாணவர் கிலோவில் யோசிப்பார். 11 ஸ்டோன் என்பது 154 பவுண்டு, ஏறத்தாழ 70 கிலோ. ஒரே அலகில் புதுப் பலகை ஒட்டிவிடுங்கள்.

லேசான விமானிக்கு ஈடாகப் பூட்டும் சமன் எடையைச் செய்வதில் கைவேலை வேண்டாம். தயாரிப்பாளர் கொடுக்கும் தகடுகள், அவற்றுக்கான திருகாணி, அவற்றுக்கான இடம். மணல் மூட்டையும், பிளாஸ்டிக் பையில் கட்டிய ஈயக் குண்டுகளும், இடுப்பில் கட்டும் நீர்மூழ்கி எடைப்பட்டையும் காக்பிட்டுக்குள் வரக்கூடாது. காற்று குலுக்கும்போது அவிழ்ந்து ஸ்டிக்குக்கு அடியிலோ பெடலுக்குப் பின்னாலோ போய் மாட்டிக்கொண்டால், ஈர்ப்பு மையம் சரியாக இருந்தும் பயனில்லை. இருக்கையோடு சேர்த்துக் கட்டும் ஈயத் திண்டு என்றால், விபத்தின் அதிர்ச்சியிலும் அசையாதபடி பட்டைகளோ திருகாணியோ பிடிக்க வேண்டும்; அதற்கு ஆய்வாளர் ஒப்புதல் வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 55 கிலோ மாணவருக்கு மூக்கில் 8 கிலோ வைத்தால் 0.388 வருகிறது. உள்ளே வந்துவிட்டார். இன்னொன்று: வாலில் உள்ள தேவையற்ற ஈயத்தை எடுக்காமல் அதற்கு ஈடாக மூக்கில் ஈயம் சேர்க்காதீர்கள். இரு முனையிலும் எடை இருக்கும் தண்டு சுழலத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். ஸ்பின்னுக்கும் அது பொருந்தும்.

இனி நாங்கள் கேட்பது.

ஓடுபாதை வண்டியில் ஒரு தராசு வையுங்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் பறக்கும் உடையோடு, காலணியோடு, பாராசூட்டோடு ஏறி நிற்கட்டும். பருவத் தொடக்கத்தில் எல்லாருக்கும், 20 வயதுக்குட்பட்டவர்களுக்கும் வரம்பை ஒட்டியவர்களுக்கும் மாதம் ஒருமுறை. தேர்வுக்குப் படித்து இளைத்த பிள்ளை, காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை, சென்ற மாத எண்ணோடு வரக்கூடாது. எடையைக் கேட்பது நாகரிகமில்லை என்று தயங்குகிறவர்களைப் பார்க்கிறோம். வளரும் பெண்பிள்ளையிடம் எல்லார் முன்னிலையிலும் "எத்தனை கிலோ" என்று கத்துவது நிச்சயம் நாகரிகமில்லை. அதனால்தான் பெயரோடு எண்ணை எழுதி ஒட்ட வேண்டாம் என்கிறோம். ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. அதில் ஒவ்வொரு கிளைடருக்கும் நேரே தேவைப்படும் தகடுகளின் எண்ணிக்கை மட்டும். மாணவர் "எனக்கு நான்கு தகடு" என்று சொன்னால் போதும். எடையைச் சொல்ல வேண்டியதே இல்லை.

புறப்படுமுன் சரிபார்ப்பில் இது உயிரோடு இருக்க வேண்டும். பிரித்தானிய மன்றங்களில் ஓதும், "சி.பி. சிஃப்ட்" என்று தொடங்கும் சூத்திரத்தில் ஒவ்வொரு எழுத்தும் சரிபார்க்க வேண்டிய ஒன்றைக் குறிக்கும்; இரண்டாவது எழுத்தே பாலஸ்ட்டுக்கானது, அதாவது சமன் எடைக்கானது. ஆனால் அது "கன்ட்ரோல் சரி, பாலஸ்ட் சரி" என்று ஒரே மூச்சில் போய்விடுகிறது. "குறைந்தபட்சம் 70, எனக்கு நான்கு தகடு, நான்கும் பூட்டியிருக்கிறது, கையால் அசைத்துப் பார்த்தேன்" என்று சொல்லாதவருக்குக் கம்பி மாட்டக்கூடாது. இரட்டை இருக்கையில் பயிற்றுநர் பின்னால் இருப்பது இதற்கு மாற்றாகாது. பின்னிருக்கை பெரும்பாலும் ஈர்ப்பு மையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. 95 கிலோ பயிற்றுநர் அங்கே உட்கார்ந்தாலும் முன்னால் இருக்கும் 45 கிலோ பிள்ளையின் குறையை அவர் நிரப்ப முடியாது. விருந்தினர் பறப்பில் சிறுவர்களை முன்னால் உட்கார்த்தும்போது இதை மறந்துவிடுகிறீர்கள்.

புதிதாகத் தனியே பறப்பவருக்கும், புதுவகைக் கிளைடரில் முதன்முதலாக ஏறுகிறவருக்கும் வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்பது போதாது. பலகையின் எண்ணைவிட 10 முதல் 15 கிலோ மேலாக வரும்படி எடை வையுங்கள். ஸ்டிக்கின் விசை கையில் தெரியும், கிளைடர் தானாக வேகத்துக்குத் திரும்பும், ஸ்டால் சொல்லிவிட்டு வரும். தேவையான தகடு கையில் இல்லாத நாளில் அந்த மாணவர் பறக்க வேண்டாம். காற்று அமைதியாக இருக்கிறது, ஒரு சுற்றுத்தானே என்ற விலக்கு வேண்டாம். வின்ச் மூக்கைத் தூக்குவதற்குக் காற்று தேவையில்லை.

இத்தனைக்குப் பிறகும் மேலே போய்த் தெரிந்தால் மாணவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கற்றுக்கொடுங்கள். வின்ச்சில், ஸ்டிக்கை முழுதும் முன்னால் தள்ளியும் மூக்கு எழுந்துகொண்டே இருந்தால் உடனே கம்பியை விட வேண்டும், ஸ்டிக்கை முன்னாலேயே வைத்திருக்க வேண்டும். விமான இழுவையில் அலைவு தொடங்கினால் கையைத் துரத்தவிடாமல், முன்கையைத் தொடையில் ஊன்றிச் சிறு அசைவுகளோடு பாதுகாப்பான உயரம் வரை பொறுக்கலாம். இழுக்கும் விமானத்தைவிட உயர்ந்துகொண்டே போனால் பொறுக்கக்கூடாது, விட்டுவிட வேண்டும். விடுபட்ட பிறகு டிரிம் முழுதும் முன்னால், வேகம் வழக்கத்தைவிட 10, 15 கி.மீ. அதிகம், செங்குத்துத் திருப்பங்கள் இல்லை, வெப்பக்காற்றில் சுற்றும் ஆசை இல்லை. தரையிறங்க நீண்ட நேரான இறுதி வழி. ஸ்பின்னுக்கு அருகில் போகும் எதுவும் கூடாது.

பெற்றோருக்கு: பிள்ளை முதன்முதல் தனியே பறக்கும் நாளைப் படமெடுக்கப் போவீர்கள். கேமராவை எடுக்குமுன் பயிற்றுநரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தக் கிளைடரின் பலகையில் குறைந்தபட்ச எடை எவ்வளவு? என் பிள்ளை பாராசூட்டோடு இன்று எத்தனை கிலோ? எத்தனை தகடு பூட்டியிருக்கிறீர்கள், காட்டுவீர்களா? நல்ல பயிற்றுநர் மூன்றுக்கும் நின்ற இடத்திலேயே எண் சொல்வார், காக்பிட்டைத் திறந்து தகடுகளைக் காட்டுவார்.

மன்றத்தாரே, அடுத்த பருவம் தொடங்கி முதல் கிளைடரைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளுமுன் தராசும், அட்டைகளும், தகடுகளும் ஓடுபாதை வண்டியில் ஏறியிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிளைடர் பயிற்றுநர்களும் ஆய்வாளர்களும்